மதிப்பாய்வாளரின் கடமையும் அறமும்: ஓர் இன்சுலின் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்விதழுக்கு அனுப்பப்படும் கட்டுரை, வெளிவரும் முன்னரே அதே துறையைச் சார்ந்த வல்லுநரின் பார்வைக்குச் செல்கிறது. அவ்வல்லுநர் சில வேளைகளில் கட்டுரையாளரின் போட்டியாளராகவும் இருக்கிறார். இந்நிலையில் மதிப்பாய்வாளர் பேண வேண்டிய கடமைகளை, அமெரிக்காவில் 1978 முதல் 1980 வரை நடந்த ஒரு நிகழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மதிப்பாய்வு, ஆய்வறம், நலமுரண், மறைகாப்பு, கருத்துத் திருட்டு

முன்னுரை

1665இல் இலண்டனில் ‘பிலாசபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழ் தொடங்கப்பட்டபோது, கட்டுரைகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு அதன் ஆசிரியர் ஹென்றி ஓல்டன்பர்க்கிடமே இருந்தது. புறவல்லுநரைக் கொண்டு மதிப்பிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பொதுவழக்காயிற்று. ‘நேச்சர்’ இதழ் அதனை 1973இல்தான் கட்டாய நடைமுறையாக்கியது. முறை பரவிய அளவிற்கு அதற்குரிய அறநெறிகள் எழுத்து வடிவம் பெறவில்லை. அவ்விடைவெளியில் நிகழ்ந்ததே பின்வரும் நிகழ்வு.

நிகழ்வு

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய எலனா வாக்ஸ்லிக்ட் ராட்பார்ட் என்னும் இளம் ஆய்வாளர், அனோரெக்சியா நெர்வோசா என்னும் உண்ணாமை நோயில் இன்சுலின் ஏற்பிகளின் நிலை குறித்த கட்டுரையை 1978 நவம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு அனுப்பினார். அது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் பெலிக்கிடம் மதிப்பாய்வுக்குச் சென்றது. அவர் அதனைத் தம்முடன் பணியாற்றிய விஜய் சோமனிடம் அளித்தார். சோமன் அதே பொருளில் ஆய்வு செய்துவந்தவர். கட்டுரையை ஏற்க வேண்டாம் என்னும் பரிந்துரை இதழுக்குச் சென்றது.

பின்னர்ச் சோமனும் பெலிக்கும் அதே பொருளில் எழுதிய கட்டுரை வேறோர் இதழுக்கு அனுப்பப்பட்டது. அது ராட்பார்டின் மேலாளர் ஜெஸ்ஸி ராத்திடம் மதிப்பாய்வுக்கு வர, அவர் ராட்பார்டிடமே படிக்கத் தந்தார். தம் சொற்றொடர்களே அதில் இடம்பெற்றிருப்பதை ராட்பார்ட் கண்டார். அவர் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக, 1980 பிப்ரவரியில் வெளி வல்லுநர் ஒருவர் தரவுகளைத் தணிக்கை செய்தார். புனைவு வெளிப்பட்டது, சோமன் பதவி விலகினார், பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தரவுகளைப் புனைந்தவர் பெலிக் அல்லர். எனினும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாம் ஏற்றிருந்த புதிய பதவியை அவரும் துறக்க நேர்ந்தது.

நிகழ்வு உணர்த்தும் கடமைகள்

முதலாவது, நலமுரணை அறிவித்தல். அதே ஆய்வில் ஈடுபட்டிருப்பவர் அதனைப் பதிப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். தேவையெனின் விலக வேண்டும். இரண்டாவது, மறைகாப்பு. வெளிவராத கட்டுரை மதிப்பாய்வாளரிடம் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட பொருள். அதன் கருத்தையோ சொல்லையோ தம் பயனுக்கு எடுத்தாளுதல் கூடாது. மூன்றாவது, காலமும் காரணமும். தாமதம் போட்டியாளருக்கு முந்துரிமை தரக்கூடும். காரணம் கூறாத மறுப்பால் கட்டுரையாளருக்குத் திருத்திக்கொள்ளும் வழி இல்லை.

கைமாற்றம்

இந்நிகழ்வில் கட்டுரை இருமுறை கைமாறியது. ஒரு கைமாற்றம் திருட்டிற்கு வழிவகுத்தது. மற்றொன்று அதனை வெளிக்கொணர்ந்தது. விளைவு நன்மையாயினும் இரண்டாவதும் நெறிப்பட்டதன்று. 1997இல் தோன்றிய வெளியீட்டு அறக்குழுவின் வழிகாட்டுதல், மதிப்பாய்வில் பிறர் துணையைப் பெற விரும்புவோர் முன்னதாக இதழின் இசைவைப் பெறவும் அவர்தம் பெயரைத் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது. நெறியாளரின் பொருட்டு மாணவர் மதிப்பாய்வு எழுதும் வழக்கத்திற்கும் இது பொருந்தும். மாணவர் பெயர் மறைக்கப்படும்போது அவர் உழைப்பு அறியப்படாமல் போகிறது. அவருக்குள்ள நலமுரணும் பதிப்பாசிரியருக்குத் தெரியாமல் போகிறது. பெயரை அறிவித்துச் செய்யின் அதுவே நற்பயிற்சியாகும்.

முடிவுரை

மதிப்பாய்வாளரின் பணி பெரும்பாலும் பெயரும் ஊதியமும் இல்லாதது. காண்பாரில்லாத இடத்தில் செய்யப்படுவதால், அங்கு விதியைவிட மனச்சான்றே முதற்காவலாகிறது. எனினும் மனச்சான்றை மட்டும் நம்புதல் போதாது என்பதை ராட்பார்டின் அனுபவம் காட்டுகிறது. நலமுரண் அறிவிப்பையும் துணை மதிப்பாய்வாளர் பெயரையும் ஒவ்வோர் ஆய்விதழும் தன் மதிப்பாய்வுப் படிவத்திலேயே கேட்டுப் பெறுதல் தகும்.