வலிக்கும் இடமும் நோயின் இடமும்

வயிற்றுவலி என்று வந்தவரை, வலிக்கும் இடத்தைக் கையால் காட்டும்படி வைத்தியர் கேட்கையில், ஒருவர் ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவதற்கும், மற்றொருவர் உள்ளங்கையை விரித்து வயிறு முழுவதையும் தடவிக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம், அநுபவமுள்ளவர் கண்ணுக்குச் சிறிய வித்தியாசமன்று.

சரீர சாஸ்திர நூல்கள், இரு காறை எலும்புகளின் மத்தியிலிருந்து நேர்கீழாக இரண்டு கோடுகளும், விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி ஒன்றும் இடுப்பெலும்புகளின் மேட்டை இணைத்து ஒன்றுமாகக் குறுக்கே இரண்டு கோடுகளும் கற்பித்து, உதரத்தை ஒன்பது பிரதேசங்களாகப் பிரித்திருக்கின்றன. வலப்புற மேற்கட்டத்தில் கல்லீரலும் பித்தப்பையும், இடப்புற மேற்கட்டத்தில் மண்ணீரலும், வலப்புறக் கீழ்க்கட்டத்தில் பெருங்குடலின் தொடக்கமும் அதில் தொங்கும் குடல்வாலும் வாசம் செய்கின்றன. (அவசர வேளையில் அத்தனை கோடுகளுக்கு நேரமில்லாததால், நாபியின் ஊடே நெடுக்கும் குறுக்குமாக இரண்டே கோடுகளோடு வைத்தியர்கள் நிறுத்திக்கொள்வதும் உண்டு.) வலித்த கட்டத்தில் இருக்கும் அவயவமே நோயுற்றது என்று கொண்டுவிட்டால் விஷயம் சுலபம், அந்தச் சுலபத்தைக் குடல்வால் அழற்சியைப் போல் கெடுப்பது வேறொன்றில்லை.

வலப்புற அடிவயிற்றில் இருக்கும் குடல்வால் வீங்கத் தொடங்கும்போது, வேதனை பெரும்பாலும் முதலில் நாபியைச் சுற்றியே, இன்ன இடமென்று சொல்ல முடியாத மந்தமான வலியாகத் தோன்றுகிறது. ஏனெனில், கர்ப்பத்தில் சிசு உருவாகும் ஆரம்ப வாரங்களில் உடலின் நடுவே ஒரே குழாயாக இருந்த ஜீரணப் பாதை, பின்னர் நீண்டு, சுழன்று, தத்தம் இடங்களில் அமர்ந்தபோதிலும், பழைய நரம்புத் தொடர்பை விடவில்லை. நாபியைச் சுற்றிய தோலின் உணர்ச்சி வந்துசேரும் அதே தண்டுவடப் பகுதியில் குடல்வாலின் உணர்ச்சியும் வந்துசேர்வதால், ஊர்ப்பெயர் இன்றி ஜில்லாவின் பெயர் மட்டும் எழுதிய கடிதத்தைப் பெற்ற தபால்காரரைப்போல மூளை தடுமாறுகிறது.

உள்ளுறுப்புகளின் உணர்ச்சியே விசித்திரமானது. ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகரின் ரணசிகிச்சை நிபுணர் லென்னாண்டர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீறும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கையிலேயே வயிற்றைத் திறந்தபோது, குடலை அறுத்தாலும் சுட்டாலும் அவர் வலியறியாதிருந்ததையும், வயிற்றின் உட்சுவரை மூடிய சவ்வை இழுத்தால் துடித்ததையும் கண்டார். உப்பினாலும், முறுக்கிக்கொண்டாலும், ரத்தம் குறைந்தாலுமே குடல் நோகும். சில மணி நேரம் கழித்து குடல்வாலின் வீக்கம் அச்சவ்வை எட்டிய பின்னரே வலி வலப்புறம் இறங்கி, விரல் வைத்துக் காட்டும்படி கூர்மையடைகிறது. நியூயார்க் வைத்தியர் சார்லஸ் மக்பர்னி 1889-இல், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து நாபியை நோக்கி ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் குறித்த புள்ளி இங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்திய அந்தச் சில மணிகளில், அஜீரணமென்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது, நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெருங்கெடுதல். குடல்வால் வெடிக்கவே அது ஏதுவாகலாம்.

இன்னும் தூரம் போகும் வேதனையும் உண்டு. உதரவிதானத்தின் நரம்பு கழுத்தில் புறப்படுவதால், அடிபட்டு மண்ணீரல் கிழிந்து ரத்தம் அவ்விதானத்தின் அடியில் தேங்கினால் இடத்தோள் வலிக்கும். இதயத்தின் கீழ்ச்சுவருக்கு ரத்தம் தடைப்படும்போதோ, சிலருக்கு மார்பில் ஒன்றும் தோன்றாமல் மேல்வயிறு மட்டும் நோக, வெறும் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். நடுவயது கடந்தவர் வியர்வையோடு மேல்வயிற்று வலியென்று வந்தால், வயிற்றைத் தொடுமுன்பே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லும் வைத்தியர்கள் இருப்பது இதனால்தான்.