கோடு படுத்துட்டா கேளுங்க: குழந்தைக்கு முதல் சோறு

இந்த வாரம் கோடிங் இல்லை, கூழ்.

போன தடவை சித்தையன்கோட்டைக்குப் போனப்போ வீட்டுல ஒரே பஞ்சாயத்து. அக்கா பாப்பாவுக்கு ஏழு மாசம். "கெட்டியாக் குடுத்தா செரிக்காது, கஞ்சித்தண்ணி ஊத்து"ன்னு அப்பத்தா. "டப்பா மாவு வாங்கிரலாம்"னு மச்சான். அக்கா யூடியூப்ல தேடிட்டு இருந்தா. கடைசியில பாப்பாவைத் தூக்கிட்டு அங்கன்வாடிக்குப் போனோம்.

டீச்சர் யார் சொல்றது சரின்னு பேசவே இல்லை. எடை போட்டாங்க, அட்டையை எடுத்தாங்க, புள்ளி வெச்சாங்க. ஐந்தாம் மாசம் 6.4 கிலோ, ஆறாம் மாசம் 6.7, இப்பவும் 6.7. ஏறிட்டு இருந்த கோடு படுத்திருச்சு.

சர்வர்ல ஒரே ஒரு ரீடிங்கை வெச்சு யாரும் முடிவெடுக்க மாட்டோம், டிரெண்ட் பார்ப்போம். குழந்தைக்கும் அதேதான். "ஒல்லியா இருக்கே"ங்கிறது கேள்வி இல்லை, "வளருதா?"ங்கிறதுதான் கேள்வி.

இந்த யோசனைக்கு நம்ம பக்கத்துலயே ஒரு வரலாறு இருக்கு. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல. அதுவரைக்கும் நாம மதுரை மாவட்டம். அதே மாவட்டத்துல கொட்டாம்பட்டி ஒன்றியத்துலதான் 1980-ல, உலக வங்கி உதவியோட, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பிச்சுது. 6 முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாசாமாசம் எடை போட்டாங்க. எடை சரியா ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு, அம்மாவுக்கு ஆலோசனை. தேறின பிறகு உணவை நிறுத்திட்டு, எடையை மட்டும் தொடர்ந்து கவனிச்சாங்க.

சரி, பாப்பா கோடு ஏன் படுத்துச்சு? முதல் ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் போதும், தண்ணிகூட வேண்டாம். அதுக்கப்புறம் பால் மட்டும் பத்தாது. பிறக்கும்போது உடம்புல சேர்த்து வெச்சிருந்த இரும்புச்சத்தும் குறைஞ்சிரும். குழந்தை வயிறு சின்னது. அதைக் கஞ்சித்தண்ணியால நிரப்பினா, வயிறு நிறையும், சத்து சேராது.

டீச்சர் சொன்ன சோதனை ரொம்ப ஈஸி: கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது. பருப்புசாதம், முட்டை, கீரை, ஒரு சொட்டு நெய் எல்லாம் நல்லா மசிச்சுக் குடுக்கலாம். 6–8 மாசத்துல நாளைக்கு 2–3 வேளை, அப்புறம் 3–4 வேளை. ஒரு வயசு வரைக்கும் தேன் வேண்டாம். முக்கியமா, சோறு ஆரம்பிச்சா பாலை மறக்கடிக்கணும்னு இல்லை; ரெண்டு வயசுக்கு மேலயும் தாய்ப்பால் குடுக்கலாம்.

அதோட விடலை. "குழந்தை டாக்டரையும் ஒருதடவை பார்த்துருங்க"ன்னு அனுப்பினாங்க. காய்ச்சல், தொற்று எதுவும் இல்லைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்துச்சு.

எடை ஏறலையா? அங்கன்வாடியிலயோ சுகாதார நர்ஸ்கிட்டயோ கேளுங்க. ராத்திரியில சந்தேகம்னா 104-க்குக் கூப்பிடலாம். பால் குடிக்க மறுத்தா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, விடாம வாந்தி பேதின்னா, குழந்தை துவண்டு கிடந்தா, யாரையும் கேட்டுட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்.

அடுத்த மாசம் எடை 7.1 கிலோ. அட்டையைப் பார்த்த அப்பத்தா, "கோடு ஏறிருச்சாடா தம்பி?"ன்னு கேட்டுட்டு, அவங்களே பருப்புசாதம் மசிக்க உட்கார்ந்துட்டாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.