ஒன்பதாயிரம் வரிகள்: மூலமும் உரையும்

கணினி விஞ்ஞானம் பயில விழைந்து பல்கலைக் கழகம் புகும் எம் இளைஞரும் யுவதியரும் தவிர்க்கவொண்ணாப் பாடங்களுள் ஒன்று பணிசெயல் முறைமை. தமிழகத்தார் இதனை இயக்க அமைப்பு என்பர். பெயர் யாதாயினும் மாணவர் பலர் அஞ்சும் பாடம் இது. ஏனைய செய்நிரல்களை நாம் கண்ணாற் காண்கின்றோம். இதுவோ திரைக்குப் பின்னே நின்று அவை யாவற்றையும் ஆட்டுவிக்கின்றது. காணாத ஒன்றை வரைவிலக்கணங்களைக் கொண்டே கற்கப் புகுவோர், பரீட்சை மண்டபத்தில் அவற்றை ஒப்புவித்துவிட்டு, வாயிலைத் தாண்டியதும் மறந்துவிடுகின்றனர்.

அது செய்யும் வேலைதான் என்ன? ஒரே அடுப்புள்ள சமையலறையை எண்ணிப் பாருங்கள். சோறு வேகவேண்டும்; சொதி கொதிக்க வேண்டும்; குழந்தைக்குப் பாலும் காயவேண்டும். இல்லத்தரசி ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றி, எதுவும் கெடாமற் பார்த்துக்கொள்கின்றாள். கணினியின் மூளையும் அத்தகைய அடுப்பே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு: ஏறிய செய்நிரல் தானாக இறங்கும் என்று நம்பியிருத்தல் இயலாது. ஆகவே மணியொன்று வேண்டியதாயிற்று. பழைய பீ.டீ.பீ.-11 கணினிகளிலே, மின்னோட்டத்தின் துடிப்பைப் பற்றி வினாடிக்கு 50 அல்லது 60 தடவை அடிக்கும் கடிகாரம் ஒன்று இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஓடிக்கொண்டிருந்த செய்நிரல் நிறுத்தப்படும்; ஆட்சி கணநேரம் பணிசெயல் முறைமையின் கைக்கு மீளும். அடுத்தவர் முறை வந்துவிட்டதா என அது பார்க்கும். ஒருவர் நினைவகத்தில் மற்றவர் கைவைக்காமற் காப்பதும், கோப்புகளைப் பேணுவதும் அதன் பொறுப்பே.

இவ்வளவையும் கேட்டறிவது எளிது. ஆயின் கேட்டறிவது போதாது என்று கண்டவர் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக் கழகத்து ஆசிரியர் ஜோன் லயன்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ஆம் ஆண்டு தொடக்கி வளர்த்த யுனிக்ஸ் என்னும் முறைமையின் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. அதன் கருப்பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே. ஒருவர் தனித்திருந்து வாசித்து விளங்கிக் கொள்ளத்தக்க அளவு அது! லயன்ஸ் அதனை வரிக்கு வரி எண்ணிட்டு ஒரு நூலாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு நூலாகவும் ஆக்கி, 1976, 1977-ஆம் ஆண்டுகளிலே தம் மாணவர் கையிற் கொடுத்தார். பரிமேலழகரோடு திருக்குறள் பயின்ற எமக்கு இம்முறை புதிதன்று. மூலமும் உரையும், அவ்வளவே.

இந்நன்முறைக்கு வந்த இடையூறுதான் வருந்தத்தக்கது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரம், மூலத்தை வகுப்பறையிற் கற்பித்தலாகாது எனத் தடுத்தது. வணிக இரகசியம் கற்பிக்கப்படலாமோ என்பது உரிமையாளர் வாதம். லயன்ஸின் உரையோ படியிலிருந்து படி எடுக்கப்பட்டு, எழுத்து மங்கி மங்கி, மாணவரிடையே கைமாறி உலகெங்கும் சுற்றியது. 1996-ஆம் ஆண்டிலேதான் அது முறைப்படி நூலாக வெளிவந்தது. லயன்ஸ் 1998-இல் மறைந்தார். தம் நூல் தடைநீங்கியதைக் காணும் பேறேனும் அவருக்குக் கிட்டிற்று.

தடை மற்றொரு நன்மைக்கும் வழிசெய்தது. கற்பிக்க மூலமின்றித் தவித்த ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் அன்ட்ரூ தனன்பாம், மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி 1987-இற் பாடநூலோடு வெளியிட்டார். அந்நூலைப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியதே லினக்ஸ். இன்று அன்ட்ரொயிட் கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் அதன் கருவே. ஆயினும் லினக்ஸ் இப்போது மூன்று கோடி வரிகளை மிஞ்சிவிட்டது. புதிய மாணவர் அதில் இறங்குதல் நீந்தப் பழகாதவர் கடலிற் குதித்தலை ஒக்கும்.

ஆதலின் எம் மாணவர்க்கு யாம் சுட்டுவது வேறொன்று. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தார், ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி 2006-இல் எக்ஸ்வீ6 என்னும் முறைமையைக் கற்பித்தலுக்கென்றே எழுதினர். அதுவும் பத்தாயிரம் வரிகளுக்கு உட்பட்டதே. உரைநூலும் உடனுண்டு, இரண்டும் இலவசம். சாதாரண மடிக்கணினியிலே பாவனை இயந்திரம் ஒன்றை அமைத்து அதனை ஓட்டலாம், விரும்பியவாறு மாற்றலாம். பிழை நேர்ந்தால் கெடுவது அப்பாவனை இயந்திரமே. பெற்றோர் வாங்கித் தந்த கணினிக்கு யாதும் நேராது. விரிவுரை தொடங்குமுன்னரே ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக வாசித்து வருவோர், வகுப்பிலே ஆசிரியரை வினாவத் துணிவர்.

வாசிக்கையில் விளங்காத இடங்கள் வரும். லயன்ஸின் மூலநூலில் 2238-ஆம் வரி பெயர் பெற்றது. ஒரு செய்நிரலை இறக்கி மற்றொன்றை ஏற்றும் இடம் அது. இது உமக்கு விளங்கவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் கருத்துப்பட, எழுதியவர்களே அங்கே ஒரு குறிப்பு வைத்திருந்தனர். மாணவர் பலர் அதனை ஆணவமென்று கொண்டனர். பின்னாளில் ரிச்சி கூறிய விளக்கமோ வேறு: பரீட்சைக்கு இது வராது என்ற பொருளிலேயே அதனை எழுதினராம், உண்மையில் அவ்விடத்தில் நடப்பது தமக்கே சரிவர விளங்கியிருக்கவில்லையாம். யுனிக்ஸை வேறொரு கணினிக்குப் பெயர்க்க முற்பட்டபோது அவ்வழி பயன்படாது போயிற்று. ஏழாம் பதிப்பிலே அப்பகுதியைப் புதிதாக எழுதினர்.