விசிறி மடிப்பின் வயது

திருவான்மியூர் முதல் தாம்பரம் வரையுள்ள தென்சென்னைப் புறநகர்களின் நடனப் பள்ளிகளில் அரங்கேற்றத்திற்கு ஆயத்தமாகும் மாணவி அணியும் தையல் உடை, பரதநாட்டியத்தின் தொன்மையான அடையாளம் என்றே இன்று கருதப்பட்டாலும், அதற்கு இன்னும் நூறு வயது நிரம்பவில்லை. 1935இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் மேடையேறிய ருக்மிணி தேவி அருண்டேல், கசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞரின் துணையுடன் வகுத்த அந்த வடிவம், 1936இல் அவர் நிறுவிய கலாக்ஷேத்திராவின் வழியாகப் பரவியது. அந்நிறுவனம் 1962இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. இந்தத் தையல் உடை வருமுன் தேவதாசி மரபினர் பைஜாமாவின்மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடினர். தஞ்சாவூர் பாலசரஸ்வதி அந்தப் புடவைக் கட்டையே கைக்கொண்டிருந்தார்.

புதிய உடையில் ஒரே பட்டுப்புடவை வெட்டப்பட்டு, ரவிக்கை, கால்சட்டை, மேலாக்கு, இடுப்பைச் சுற்றும் பின்துண்டு, இரு கால்களுக்கும் நடுவே அமையும் விசிறி எனத் தனித்தனியே தைக்கப்படுகிறது. இவற்றுள் தையற்காரரின் கைத்திறனைச் சோதிப்பது விசிறிதான். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துத் தாழ நிற்கும் அரைமண்டியில் அதன் மடிப்புகள் ஜரிகைக் கரை முழுதும் தெரியும்படி விரிய வேண்டும், ஆடுபவர் நிமிர்ந்ததும் கலையாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஓஜிப்வே பழங்குடியினரின் நடன உடையும் இவ்வாறு காலந்தோறும் மாறி வந்ததே. முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயமேற்றித் தைத்து வந்த அம்மக்கள், ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்த கண்ணாடி மணிகளை ஏற்று, கறுப்பு வெல்வெட் துணியில் கொடியும் இலையும் பூவுமாகக் கோலமிட்டனர். ஓர் ஊசியின் நூலில் மணிகளைக் கோத்துத் துணிமேல் படியவைத்து, மற்றோர் ஊசியால் இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை அந்நூலைத் துணியோடு பிணைப்பது அவர்கள் முறை. 1918ஆம் ஆண்டையொட்டிப் பரவிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயின்போது, நோயுற்ற சிறுமியின் குடும்பத்தார் ஒருவர் கனவில் கண்டதாகச் சொல்லப்படும் கிண்கிணி உடையும் அவர்களுடையதே. மூக்குப்பொடி டப்பாவின் மூடிகளைக் கூம்பாகச் சுருட்டி வரிசையாகத் தைத்த அவ்வுடை, தோல்பட்டையில் வெண்கல மணிகளைத் தைத்த நம் சலங்கையைப் போல, அடியெடுத்து வைக்குந்தோறும் ஒலிப்பது.

இரண்டிற்கும் அரசின் தடையும் நேர்ந்தது. அமெரிக்க அரசு 1883 முதல் பழங்குடிச் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கியது; சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதோடு கோயில்களில் அவர்கள் ஆடுவதையும் தடுத்தது. ஆயினும் விளைவு ஒன்றல்ல: ஓஜிப்வே உடை அம்மக்களின் கைகளிலேயே தங்கியது, இங்கோ நடனமும் உடையும் பெரும்பாலும் வேறு சமூகத்தாரிடம் சென்றன. அதை மீட்பு என்று மட்டும் எழுதும் வழக்கம் பாதி வரலாற்றையே கூறுகிறது.

உழைப்பைப் போற்றும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஓஜிப்வே ஆடுநர் பலர் தம் உடைக்குத் தாமே மணி தைக்கின்றனர், அல்லது வீட்டுப் பெரியவர்கள் தைத்துத் தருகின்றனர். ஆகவே தைத்தவர் யாரென்பது ஆடுபவருக்குத் தெரியும். நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், சில வேளைகளில் ஒப்பனைக் கலைஞர் வரை பெயர்கள் அச்சாகும் நம் அரங்கேற்ற அழைப்பிதழிலோ, அந்த விசிறியை மடித்துத் தைத்தவரின் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது.