கார் ஏசியின் குளிரை டர்போ இன்ஜினுக்குத் திருப்பலாமா? பணம் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

கார் ஏசி உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குளிரை இன்ஜினுக்குத் திருப்பிவிட்டால் கார் இன்னும் வேகமாகப் பாயும் என்ற பேச்சு டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்களிடையே அவ்வப்போது எழுகிறது. 'சில்லர்' என்ற பெயரில் அதற்கான கிட்டுகள் இணையத்திலும் விற்கப்படுகின்றன.

இது ஏமாற்று வேலை அல்ல. அமெரிக்காவில் ஒரு பெரிய கார் நிறுவனம் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றிருக்கிறது. ஆனால் அந்தக் கார் சில விநாடிகளில் முடியும் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டது. தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஓடும் காருக்கு அதே ஏற்பாடு என்ன கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்பதைச் சம்பளப் பணத்தை எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

காற்றை அழுத்தினால் சூடாகும்

சைக்கிள் டயருக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். சிறிது நேரத்தில் பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டர்போவிலும் இதுதான் நடக்கிறது. புகைக்குழாய் வழியாக வெளியேறும் வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதோடு இணைந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சக்தியும் கூடும்.

வெளியே 33 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். டர்போ அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அதன் வெப்பம் ஏறக்குறைய 130 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்து நிற்கும். அதனால் அதே இடத்தில் அடங்கும் காற்றின் அளவு குறையும். அதைவிடப் பெரிய தொல்லை 'நாக்கிங்'. பிளக் பொறி விட வேண்டிய நேரத்துக்கு வெளியே எரிபொருள் தானாகவே வெடிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது பிஸ்டனைச் சேதப்படுத்தும். அதைத் தடுக்க இன்ஜின் கணினியான ஈசியூ, பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போட்டு சக்தியைக் குறைக்கிறது. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு மிதித்தால் கார் சோம்பலாகக் கிளம்புவதற்கு இது முக்கியக் காரணம்.

அந்தச் சூட்டைத் தணிக்கும் கருவிதான் இன்டர்கூலர். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அது இருக்கும்.

இரண்டு வகை இன்டர்கூலர்

முதல் வகையில் வெளிக்காற்றே குளிர்விக்கிறது. முன் பம்பருக்குப் பின்னால் சிறிய ரேடியேட்டர் போலத் தெரிவது அதுதான். ஹோண்டா சிவிக் 1.5 டர்போவில் இருப்பது இந்த வகை. தோட்டப்புறங்களில் அதிகம் காணும் ஹைலக்ஸ் டீசல் பிக்கப்புகள் சிலவற்றில் போனட்டின் மேல் வாய் திறந்தது போன்ற ஒரு துவாரம் இருக்கும். அது இன்டர்கூலருக்குக் காற்று போகும் வழி.

இரண்டாவது வகையில் சூடான காற்றைக் குளிர்விப்பது கூலண்ட் திரவம். சிறிய பம்ப் ஒன்று அந்தத் திரவத்தை இன்டர்கூலருக்கும் முன்பக்கத்தில் உள்ள தனி ரேடியேட்டருக்கும் இடையே சுற்றவிடும். வோக்ஸ்வேகன் 1.4 டிஎஸ்ஐ இன்ஜின்களில் இந்த இன்டர்கூலர் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலேயே அமைந்திருக்கும்.

ஏசி குளிரைத் திருப்புவது இந்த இரண்டாவது வகையில்தான் சாத்தியம். ஏசி கேஸ் ஓடும் குழாயிலிருந்து ஒரு கிளையை எடுத்து, சில்லர் என்ற சிறு வெப்பமாற்றிக்குள் விடுவார்கள். அதன் ஒரு பக்கம் ஏசி கேஸ், மறுபக்கம் கூலண்ட். இரண்டும் கலப்பதில்லை, குளிர் மட்டும் தகடு வழியாகக் கடந்து கூலண்டுக்குப் போகும். காற்றால் குளிரும் இன்டர்கூலர் உள்ள காரில் இதைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் இன்டர்கூலரையே மாற்றி, பம்ப், டாங்கி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் புதிதாகப் பொருத்த வேண்டும். விளம்பரத்தில் காணும் விலைக்கும் கடைசியில் கட்டும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

டோட்ஜ் டீமன் காட்டிய வழி

2017 ஏப்ரலில் நியூயார்க் கார் கண்காட்சியில் அறிமுகமான டோட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமன்தான் இந்த ஏற்பாட்டோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கார்களில் பெயர் பெற்றது. 6.2 லிட்டர் வி8 இன்ஜின், அதன் மேல் சூப்பர்சார்ஜர். சாதாரண பெட்ரோலில் 808 குதிரைச் சக்தி, பந்தய எரிபொருளில் 840. மொத்தம் 3,300 கார்களே தயாராயின. அமெரிக்காவுக்கு 3,000, கனடாவுக்கு 300.

ஓட்டுநர் டிராக் பந்தய முறையைத் தேர்ந்தெடுத்ததும் ஏசியின் குளிர் கேபினை விட்டு சில்லருக்குத் திரும்பிவிடும். கூலண்ட் முதலில் முன்பக்க ரேடியேட்டரில் வெளிக்காற்றால் குளிரும், பிறகு சில்லரில் இன்னும் குளிரும், அதன் பிறகே சூப்பர்சார்ஜருக்குள் போகும். இந்த வரிசை முக்கியம். சில்லரில் குளிர்ந்த திரவத்தை மறுபடியும் வெயிலில் நிற்கும் ரேடியேட்டர் வழியாக விட்டால், அது குளிர்வதற்குப் பதில் சூடாகிவிடும். கிட் பொருத்தும் பட்டறையில் குழாய் வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

இன்ஜினை நிறுத்திய பிறகும் பம்பும் விசிறியும் சிறிது நேரம் ஓடி, அடுத்த ஓட்டத்துக்குள் சூட்டை இறக்கிவிடும் வசதியும் டீமனில் உண்டு. கால் மைல் தூரத்தை இந்தக் கார் 9.65 விநாடியில் கடந்தது. பத்து விநாடிகூட நீடிக்காத வேலைக்காக, உள்ளே இருப்பவர்களின் குளிரைத் தியாகம் செய்யும் கார் அது. பின்னிருக்கையும் முன்பக்கப் பயணி இருக்கையும் இல்லாமல்தான் அது விற்பனைக்கு வந்தது. வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரின் கதை வேறு.

ஒரு நிமிடக் குளிர்

170 குதிரைச் சக்தி தரும் ஒரு 1.5 லிட்டர் டர்போ காரை எடுத்துக்கொள்வோம். முழுவதுமாக மிதிக்கும்போது அதன் இன்ஜின் விநாடிக்கு ஏறக்குறைய 130 கிராம் காற்றை இழுக்கும். 130 டிகிரிக்குச் சூடான அந்தக் காற்றை 30 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 13 கிலோவாட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அந்த அளவு காரின் ஏசி கேபினுக்கு ஒரு துளிக் குளிர்கூடத் தராமல் முழு பலத்தில் ஓடினாலும் 5 கிலோவாட்டை ஒட்டித்தான் தரும். ஆகவே ஏசியால் மட்டும் முடியாது. பெரும் பங்கை முன்பக்க ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும்.

அப்படியானால் சில்லர் எப்படிப் பலன் தருகிறது? குளிரைச் சேமித்து வைப்பதால். மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டி மாதிரி. சாதாரணமாக ஓட்டும்போது கூலண்டைக் குளிர்வித்து வைத்துக்கொண்டு, மிதிக்கும் நேரத்தில் செலவழிப்பது. எட்டு லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்தால், அந்தக் குளிர் 13 கிலோவாட் சூட்டை சுமார் ஒரு நிமிடம் தாங்கும். தீர்ந்த பிறகு மறுபடியும் குளிர்விக்க ஏசிக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். அதுவரை உள்ளே இருப்பவர்கள் வியர்க்க வேண்டியதுதான்.

செப்பாங் ஓட்டப் பாதையில் நடக்கும் டிராக் பந்தயத்துக்கு ஒரு நிமிடம் தாராளம். கெந்திங் மலை ஏற்றத்துக்கோ ஈப்போ வரையிலான நெடுஞ்சாலை ஓட்டத்துக்கோ அது போதாது.

இதே வேலையை மலிவாகச் செய்யும் வழியும் உண்டு. பந்தயக்காரர்கள் பல காலமாகக் கூலண்ட் டாங்கியில் ஐஸ் கட்டியைப் போட்டு வருகிறார்கள். மேலே சொன்ன எட்டு லிட்டரில் சேமித்த குளிர் முழுவதும் ஏறக்குறைய இரண்டு கிலோ ஐஸில் இருக்கிறது. ஓட்டப் பாதைக்கு ஆண்டில் ஓரிரு முறை மட்டும் போகிறவருக்கு காப்பிக்கடைக்குப் பக்கத்தில் வாங்கும் ஐஸ் பையே போதும்.

நம் காற்றின் ஈரம்

ஏசி ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். அது காற்றில் இருந்த ஈரம். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் தண்ணீராகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தும்போது, 36 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே ஈரம் தண்ணீராகத் தொடங்கிவிடும். அதாவது இன்டர்கூலரைக் குளிர்விக்க நாம் செலவழிக்கும் குளிரில் ஒரு பகுதி, காற்றைத் தொடாமல் ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே கரைந்துபோகும். காற்று வறண்ட ஊர்களில் எடுத்த சோதனை எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

கையில் மிஞ்சுவது எவ்வளவு?

இன்ஜினுக்குள் போகும் காற்றை 50 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறக்கினால் அதன் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். 170 குதிரைச் சக்தி காரில் இது சுமார் 10 குதிரைச் சக்தி. ஆனால் ஏசி கம்ப்ரசரைச் சுழற்றுவதும் அதே இன்ஜின்தான். முழு பலத்தில் ஓடும் கம்ப்ரசர் சுமார் 3 குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏழு. ஈசியூவை அதற்கேற்ப மாற்றி அமைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. முழுவதுமாக மிதிக்கும்போது பல கார்களின் கணினி ஏசி கம்ப்ரசரைச் சில விநாடிகள் நிறுத்திவிடும். குளிர் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில் ஏசி ஓய்வெடுக்கும். மேலும் ஏசி எடுக்கும் சூடு எல்லாம் காரின் முன்பக்கக் கண்டென்சர் வழியாகத்தான் வெளியேறும். அந்தச் சூடான காற்று அப்படியே பின்னால் இருக்கும் இன்ஜின் ரேடியேட்டரில் போய் மோதும். பழைய ரேடியேட்டரும் சோர்ந்த விசிறியும் உள்ள காரில் இன்ஜின் சூடேறி நிற்கும் அபாயம் இதனால் கூடுகிறது.

செய்யத்தான் போகிறோம் என்றால்

ஏசி குழாயை வீட்டு வாசலில் அவிழ்க்கக் கூடாது. வெயில் நேரத்தில் அதன் அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் பல மடங்கு. பீறிடும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துக் காயப்படுத்தும். பல கார்களில் உள்ள ஆர்134ஏ கேஸ், கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. அதைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் ஏசி கடையில்தான் வேலையைக் கொடுக்க வேண்டும்.

கிட் விலை, பொருத்தும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, ஈசியூ மாற்றும் செலவு என நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஏசி பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள காரென்றால் அந்த உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். இன்ஜின் தொடர்பான மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி தேவையா என்பதை அங்கேயே விசாரிப்பது பாதுகாப்பு. காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

தினமும் ஓடும் காருக்கு உதவுவது

அதே பணத்தில் சிறு பங்கைப் பராமரிப்பில் போட்டால் பலன் உறுதி. செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் இன்டர்கூலர் தகடுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவினாலே காற்றோட்டம் திரும்பிவிடும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும், கவனம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூலண்டை உரிய காலத்தில் மாற்றுங்கள். திரவத்தால் குளிரும் வகை என்றால் அந்தச் சிறிய பம்ப் ஓடுகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். அது நின்றுபோனால் இன்டர்கூலர் இருந்தும் பயனில்லை. கையேடு ரோன் 97 பெட்ரோலைச் சொன்னால் அதையே போடுங்கள். நாக்கிங்கைத் தள்ளி வைக்க அது நேரடியாக உதவும்.

ஏசி கேஸால் கூலண்டைக் குளிர்விக்கும் யோசனை பந்தயத்தோடு நின்றுவிடவில்லை. 2023 முதல் நம் நாட்டில் விற்பனையாகும் டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களில் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகாமல் பார்த்துக்கொள்வது இதே சில்லர்தான். அங்கே அது பேட்டரியின் ஆயுளைக் காக்க, தொழிற்சாலையே அளந்து பொருத்திய உறுப்பு. பெட்ரோல் காரில் அதை வெளியிலிருந்து ஒட்டவைத்தால் கிடைப்பது ஒரு நிமிடக் குளிரும் ஏழு குதிரைச் சக்தியும். ஓட்டப் பாதையில் ஓடும் காருக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். மதிய வெயிலில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றி வரும் காரில், ஏசியின் குளிர் கேபினுக்குள் இருப்பதே நல்லது.