லென்ஸைக் கழற்றிய நாள்களுக்குக் கூலி யார் தருவது?

புதுதில்லி: கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் 'கெரட்டோகோனஸ்' நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, உழைக்கும் வயதில் முற்றுகிறது. மகாராஷ்டிரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. கருவிழியின் வளைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட கணக்கு அது. சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும். குறைத்தாலும் சிறிய எண்ணிக்கை அன்று.

நோய் முற்றியவருக்குக் கண்ணாடி போதாது. கடின கான்டாக்ட் லென்ஸே பார்வையைத் தருகிறது. ஆனால், அந்த லென்ஸ் கூம்பை அழுத்தித் தட்டையாக்கியும் வைக்கிறது. கழற்றியதும் கருவிழி மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சிலருக்குச் சில நாள்கள், சிலருக்குப் பல வாரங்கள். உடனே அளந்தால் நோய் வளராதது போலத் தோன்றும். சென்ற முறை லென்ஸோடு வந்து அளந்தவர், இம்முறை பல நாள் கழற்றிவிட்டு வந்தால், வளராத நோயும் வளர்ந்ததாகத் தெரியும். ரிபோஃப்ளேவின் மருந்தும் புறஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை தேவையா என்பது இந்த அளவீட்டைப் பொறுத்தே முடிவாகிறது. எனவேதான் இரண்டு வாரமோ அதற்கு மேலோ லென்ஸை நிறுத்தச் சொல்கின்றனர்.

அலுவலகத்தில் இருப்பவருக்கு இது சிரமம். இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலையின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்பவருக்கோ இது பட்டினி. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகளில் ஏறிச் சென்று அன்றே திரும்பும் தமிழர்கள், மர நிழலின் மங்கலில், வழுக்கும் சரிவில், செடியின் அடியில் படர்ந்த சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மங்கல் ஒளியில் கண்மணி விரிவதால் கூம்பு விழிக்கு உருவங்கள் மேலும் சிதறும்.

சட்டத்தில் இவருக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயன்றவரை சிறந்த திருத்தத்துக்குப் பின் நல்ல கண்ணில் எஞ்சும் பார்வையையே அளக்கிறது. லென்ஸ் அணிந்தால் தெரிகிறதே என்று அது விலக்கிவிடும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவச் சான்றின் பேரில் நோய்ப்படி வழங்கியது. ஆனால் சிறு தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. அச்சட்டமும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. தினக்கூலிக்கு எல்லை தாண்டுபவரைத் தமது தொழிலாளி என்று ஏற்கவே முதலாளிகள் தயங்குகையில், 'லென்ஸ் விடுப்பு' என்றால் சிரிப்பார்கள்.

இழப்பைக் குறைக்க வழி உண்டு. ஒரு கண்ணுக்கு லென்ஸை நிறுத்தி அளந்தபின் மறு கண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி விட்டு அளந்தால் ஒப்பீடும் பிழைக்காது. மருத்துவச் சீட்டிலும் 'லென்ஸ் வேண்டாம்' என்பதோடு நில்லாமல், எத்தேதி முதல் எத்தேதி வரை வேலைக்குத் தகுதியற்றவர் என எழுதித் தரலாம். மேஸ்திரியிடம் காட்டவாவது ஒரு தாள் கிடைக்கும்.