பலகைத் தூளும் பிள்ளையின் மூச்சும்

ஊரில் மேசை, கதிரை வேண்டுமெனில் ஓடாவியாரை அழைப்போம். முற்றத்து மாமர நிழலில் அவர் சீவுளி பிடிக்க, நாம் திண்ணையிலிருந்து பார்த்திருப்போம். புகலிடத்திலோ ஓடாவியாரும் நாமே, கையாளும் நாமே.

பென்ரோஸ் ஓக்லாந்து நகரின் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. அங்கே ஒரு பண்டகசாலையில் சில காலம் பொதி கட்டும் வேலை செய்தேன். இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் ஒட்டுப்பலகைகளை வெளியே எறிவார்கள். கேட்டால் தருவார்கள். ஒட்டுப்பலகை நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலை ஒரு காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலேயே கடல் கடந்தது. காலிக்கு அருகே கிந்தோட்டையில் அதற்கெனத் தொழிற்சாலையும் இயங்கியது.

அப்பலகைகளால் இளைய மகளுக்குப் படிப்பு மேசை செய்ய முனைந்தேன். வெளியே மாரி மழை. படுக்கையறை யன்னலைச் சாத்திக்கொண்டு அரத்தாளால் தேய்த்தேன். இருபது ஆண்டுகள் சுண்ணக்கட்டித் தூளை விழுங்கியவனுக்கு மரத்தூள் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அன்றிரவு ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளை மூச்சுத் திணறினாள். விடியும்வரை மருத்துவமனையில் இருந்தோம். யாருக்காக மேசை செய்தேனோ அவளையே அது வருத்திற்று.

மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. ஆகவே தேய்க்கும் வேலையை வெளியிலோ, கதவு திறந்த கராஜிலோ மட்டுமே செய்தல் வேண்டும். முகத்தோடு படியும் பி2 வகைக் கவசம் அணிக. தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க. வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கற்க.

எல்லாப் பலகையும் வீட்டுக்கு உகந்ததன்று. வெளிப்புற வேலைக்கெனச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய பலகை பெரும்பாலும் இளம்பச்சை நிறமாயிருக்கும். அதைத் தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. ஐயமிருப்பின் விட்டுவிடுவதே நன்று.

இனி முறை. முதலில் 120ஆம் இலக்க அரத்தாள், பின்னர் 180. மரரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் பெயின்றுக்கு மேலும் தெரியும். மேற்படை மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அடுத்த படை வெளிப்பட்டுவிடும். படைகள் தெரியும் ஓரங்களே நீரை உறிஞ்சுவன. அவற்றை மரப்பசையால் நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து, அடிப்பூச்சு இருமுறை பூசுக. அடிப்பூச்சு உலர்ந்ததும் 240ஆம் இலக்கத்தால் மெல்ல வருடித் துடைத்து, நீரில் கரையும் எனாமல் இரண்டு பூச்சுக் கொடுத்தால் போதும். கீழ்ப்பக்கத்தையும் மறவாது பூசுக. ஒரு பக்கம் மட்டும் பூசிய என் முதற் புத்தகத்தட்டு ஓக்லாந்தின் ஈரக்காற்றில் வளைந்து போயிற்று. தொட்டால் ஒட்டாத பெயின்றும் உள்ளே முற்றாக இறுகச் சில நாட்கள் செல்லும். அதுவரை புத்தகம் அடுக்கலாகாது.

இரண்டாம் மேசையை இவ்வாறே கராஜில் செய்து முடித்தேன். மகள் அதிலிருந்துதான் இப்போது படிக்கிறாள். ஓரத்தில் தூரிகை மயிரொன்று பெயின்றில் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க அவள் விடவில்லை.

கலைப்பட்டதாரியான நான் ஊரில் உளியைத் தொட்டதில்லை. அது நமக்குரிய வேலையன்று என்றே வளர்க்கப்பட்டோம். ஓடாவியாருக்குத் திண்ணையில் இடங்கொடாமல் முற்றத்திலேயே தேநீர் கொடுத்த வீடு எங்களது. பலகை முன் முழந்தாளிட்டு, விரல் நுனியால் தடவி வழவழப்பைச் சோதித்த அந்த மாலையில்தான் அவர் எவ்வளவு கற்றவர் என்பது எனக்குப் புரிந்தது.